எங்கட பிள்ளைகளுக்கு போன் தெரியும், கொம்பியூட்டர் தெரியாது

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். ஊரில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்குமான விஷயம் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

போன மாதம் தரம் 12 பிள்ளைகளை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் 28 பேர், வேலை செய்கிற கொம்பியூட்டர் 9. மூன்று மூன்று பேராக இருத்தி ஒரு சின்ன வேலை கொடுத்தேன். அதிபருக்கு ஒரு லீவுக் கடிதம், நாலு வரி. தமிழிலோ இங்கிலீஷிலோ டைப் பண்ணி, பெயர் கொடுத்து சேவ் பண்ணி, மூடிவிட்டு, திரும்பத் திறந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மணி அடிக்கும்போது திறந்து காட்டியது இரண்டே இரண்டு குழு.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடி டைப் பண்ணினார்கள், சேவும் பண்ணினார்கள். சேவ் பண்ணியது எங்கே போனது என்பதுதான் தெரியவில்லை.

"எங்க மகன் வெச்ச?"

"உள்ளுக்குத்தான் சேர் வெச்ச."

"உள்ளுக்கு எண்டா எங்க?"

"கொம்பியூட்டருக்குள்ள சேர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தால் அந்தப் பிள்ளை சொன்னதில் பெரிய பிழை இல்லை. அவன் பிறந்ததில் இருந்து பார்த்தது போன். படம் எடுத்தால் அது தானாகவே கேலரிக்குப் போகும். வொய்ஸ் அனுப்பினால் வட்ஸ்அப்பிலேயே கிடக்கும். எதை எங்கே வைக்கிறோம் என்று யோசிக்கவே தேவையில்லாமல் அந்தக் கருவி அவனை வளர்த்திருக்கிறது. இன்னொரு மகள் மொனிட்டரில் விரலை வைத்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தா. கெட்டிக்காரப் பிள்ளை, சாதாரண தரத்தில் 8 ஏ எடுத்தவ. கண்ணாடியைத் தொட்டால் நகரும் என்பதுதான் அவவுடைய அனுபவம்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நான் பதிவு போட மாட்டேன். அடுத்ததைக் கேளுங்கள். சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் அவவின் உம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கட பக்கத்துத் தெருப் பிள்ளை. உயர்தரம் நல்லாகச் செய்தவ. அரச பயிற்சிநெறி ஒன்றுக்கு ஒன்லைனில் விண்ணப்பம் கோரினார்கள். வீட்டில் இரண்டு ஸ்மார்ட் போன் இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பம் போட கொமினிகேஷன் கடைக்குத்தான் போனார்கள். கடைக் காக்கா நல்ல மனிதர். 300 ரூபா வாங்கிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் இருந்து போட்டுக்கொடுத்திருக்கிறார். ஈமெயில் முகவரி கேட்டிருக்கிறது. பிள்ளையிடம் இல்லை. இருந்தாலும் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லை. காக்கா எல்லோருக்கும் செய்கிற மாதிரி தன் கடை ஈமெயிலைப் போட்டுவிட்டார். கட்டணச் சிட்டையை பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். பிள்ளையும் அதைக் கவனமாக பைலில் வைத்துவிட்டா.

மூன்று மாதம் கழித்து என்னிடம் வேறு ஒரு வேலையாக வந்த இடத்தில், "சேர், அதுக்கு இன்னும் ஒண்டும் வரல்ல" என்று சொன்னா. எந்த ஈமெயில் கொடுத்தீங்க மகள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியா சேர், கடைக் காக்காட" என்றா. இஷாவுக்குப் பிறகு அவவின் வாப்பாவோடு கடைக்குப் போனோம். காக்கா மெயிலைத் திறந்தார். வாசிக்காத மெயில் மட்டும் ஆயிரக்கணக்கில். ஊரில் பாதிப் பேரின் விண்ணப்பங்களும் ஓடிபிகளும் அதற்குள்தான் கிடக்கின்றன. பிள்ளையின் பெயரைப் போட்டுத் தேடினோம். வந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு. திகதி போய் ஒன்பது நாள்.

அந்த வாப்பா ஒன்றும் பேசவில்லை. கடைக் காக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. 300 ரூபாவுக்கு ஊரார் எல்லோருடைய தபால்காரனாகவும் இருக்க யாரால் முடியும்? தொலைபேசியில் கதைத்துப் பார்த்தோம், கடிதமும் எழுதிப் பார்த்தோம். அடுத்த முறை விண்ணப்பியுங்கள் என்றார்கள். அடுத்த முறை என்பது ஒரு வருடம்.

அந்தப் பிள்ளைக்கு டிக்டொக்கில் வீடியோ வெட்டி ஒட்டத் தெரியும். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அழகாகப் பெருநாள் வாழ்த்து செய்யத் தெரியும். தன் பெயரில் ஒரு மெயிலும் அதன் பாஸ்வேர்ட் எழுதிய ஒரு கொப்பியும் மட்டும் இருக்கவில்லை.

எங்கள் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவு பற்றி ஆய்வு செய்து வெளியிடும். அதில் இரண்டு கணக்கு இருக்கிறது. கணினியைத் தானாகப் பாவிக்கத் தெரிந்தவர்கள் ஒரு கணக்கு. ஸ்மார்ட் போன், டெப் எல்லாவற்றையும் சேர்த்த டிஜிட்டல் அறிவு இன்னொரு கணக்கு. 2021 கணக்கில் முதலாவது நாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவு, இரண்டாவது பாதிக்கும் மேல். அந்த இடைவெளியில்தான் எங்கட பிள்ளைகள் நிற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கணினி அறிவுக்கு அவர்கள் சொல்கிற வரைவிலக்கணத்தில் ஓர் உதாரணம் வரும்: ஐந்து வயதுப் பிள்ளை தானாக கொம்பியூட்டரில் ஒரு கேம் விளையாடினால் அந்தப் பிள்ளையும் கணினி அறிவு உள்ளவர்தான். முதலில் வாசித்தபோது இதென்ன கதை என்று நினைத்தேன். இப்போது நினைக்கிறேன், அதில் ஓர் உண்மை இருக்கிறது.

ஏனென்றால் நானே கொம்பியூட்டர் படித்தது கேமில்தான்.

2003, 2004 காலம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு கொம்பியூட்டர் வைத்த ஒரு கடை. மணித்தியாலக் காசு. ரோட் ரேஷ், ஐஜிஐ, வைஸ் சிட்டி. பின்நேரம் கிளாஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேதான் போவோம். உம்மாவுக்கு இன்று வரை தெரியாது, இந்தப் பதிவை யாரும் காட்டிக்கொடுக்க வேண்டாம். கேம் அடிக்கடி நின்றுவிடும். சீடியில் இருந்து திரும்ப ஏற்ற வேண்டும். இடம் போதாது என்று சொல்லும், எதை அழிக்கலாம் என்று பார்க்க வேண்டும். சத்தம் வராது, டிரைவர் தேட வேண்டும். கடைக்காரர் ஒருவர், பெடியன்மார் பதினைந்து பேர், அதனால் நாங்களே கையை வைத்தோம். போல்டர் என்றால் என்ன, இன்ஸ்டோல் என்றால் என்ன, ஒரு பைலை மாற்றினால் என்ன நடக்கும் என்றெல்லாம் யாரும் பாடம் நடத்தவில்லை. விளையாட வேண்டும் என்ற ஆசை படிப்பித்தது.

விண்டோஸில் முன்பு சீட்டு விளையாட்டு ஒன்று இருந்ததே, சொலிட்டேர், ஞாபகம் இருக்கிறதா? 1990 இல் விண்டோஸ் 3.0 உடன் அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மவுஸ் என்றால் என்னவென்று தெரியாத சனத்துக்கு, ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னோர் இடத்தில் வைக்கப் பழக்குவதும் அதில் ஒரு நோக்கம். ஒபிஸில் வேலை செய்யாமல் சீட்டு விளையாடுகிறார்கள் என்று திட்டு வாங்கிய அத்தனை பேரும் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

அந்தக் கடையில் எங்களோடு விளையாடிய கூட்டாளி ஒருவன் உயர்தரத்தில் சித்தியடையவில்லை. சுனாமி வந்தது. எங்கட கரையோரம் முழுவதும் நிறுவனங்கள் வந்தன. வீட்டு விபரம், இழப்பு விபரம் எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்ற ஆள் தேடினார்கள். அவனுக்குச் சான்றிதழ் ஒன்றும் இல்லை. எக்ஸல் தெரியும், அது நின்றால் திரும்ப எழுப்பவும் தெரியும். எடுத்தார்கள். அந்த வேலையில் இருந்துதான் அவன் வாழ்க்கை எழும்பியது.

இதைச் சொன்னவுடன் "சேரே கேம் விளையாடச் செல்லிட்டார்" என்று நாளைக்கு எந்தப் பெடியனும் வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது. இப்போதைய கதை வேறு. என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் இளைய மகன் தரம் 9. போனில் துப்பாக்கிச் சண்டை கேம். பெயர் சொல்லத் தேவையில்லை. போன ஹஜ் பெருநாளுக்குக் கிடைத்த காசு முழுவதும் அதற்குள் போனது. பெருநாள் காசு என்று பேசாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் கடைக்காரத் தம்பி கொப்பியை நீட்டினார். "சேர், மகன் ரீலோட் எடுத்தது, நீங்க தருவீங்க எண்டு சென்னார்." 6,850 ரூபா. மூன்று கிழமைக்குள். எதற்கு? துப்பாக்கிக்கு நிறம் மாற்ற, ஆளுக்கு ஜெக்கட் போட. கையில் தொட முடியாத ஜெக்கட்.

நான் செய்தது எல்லா வாப்பாமாரும் செய்வதுதான். ஏசினேன், போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு கிழமை பிள்ளை என் முகம் பார்க்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, மாலையில் கூட்டாளி வீட்டில் போய் விளையாடுகிறான். பூட்டியது என் அலுமாரி மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, போனை எடுத்துக் கொடுத்துவிட்டு பக்கத்தில் இருந்தேன். "விளையாடு, நான் பாக்கன்" என்றேன். நம்பவில்லை. பிறகு விளையாடிக் காட்டினான். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நாலு பேர் ஒரு அணி. ஒருவன் விட்டுப் போனால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள். "சாப்பிட வா" என்று உம்மா கூப்பிடும்போது அவன் வராததற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் நினைப்பது போல வெறும் பிடிவாதம் இல்லை. கிரிக்கெட் விளையாடும்போது கடைசி ஓவரில் யாராவது விட்டுவிட்டு வருவார்களா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "உடனே வா" இல்லை, "இந்த ஆட்டம் முடிய வா". சத்தம் பாதி குறைந்துவிட்டது.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு ஆட்டம் முடிந்தவுடன் பெட்டி ஒன்று வரும், மினுங்கும், "இன்னும் 2 மணித்தியாலம் மட்டும்" என்று நேரம் குறையும். அதைத் திறக்க டயமன்ட் வேண்டும். டயமன்டுக்குக் காசு வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும் வரை தெரியாது. பெரியவர்கள் லொத்தர் சீட்டு எடுத்தால் அதற்கு நாங்கள் என்ன பெயர் சொல்கிறோம்? அதே வேலையை 14 வயதுப் பிள்ளையிடம் நிறம் நிறமாகச் செய்கிறார்கள். அந்தக் கேமில் என் மகன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் அதற்குள் ஒரு சின்ன விஷயத்தைக் கூட மாற்ற முடியாது. வாங்கலாம், அவ்வளவுதான். நாங்கள் சீடிக் கேமை உடைத்துப் பழகினோம். இவர்களுக்கு உடைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் பூட்டி இருக்கிறது. எனக்குக் கோபம் கேம் மீது இல்லை, அந்தப் பூட்டு மீதுதான்.

அதனால் ஒரு பழைய டெஸ்க்டொப் வாங்கினேன். 40,000 ரூபாவுக்குக் கிட்ட முடிந்தது, மொனிட்டரோடு. பாவித்ததுதான், ஒபிஸ் ஒன்றில் இருந்து கழித்தது. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. பழைய மெஷின்கள் பலவற்றில் 11 போட முடியாது என்பதால் இப்படிப்பட்டவை நிறையக் கழிந்து வருகின்றன. நான் லினக்ஸ் மின்ட் போட்டேன். காசு இல்லை, கள்ளக் கொப்பியும் இல்லை. கடிதம், கணக்கு வேலைக்கு லிப்ரே ஒபிஸ். ஆரம்பத்தில் கொஞ்சம் தலை சுற்றும், ஒரு கிழமையில் பழகிவிடும். சின்ன மகள் இரண்டு நாளில் பழகிவிட்டா, எனக்குத்தான் ஒரு கிழமை.

மகன் அந்தப் பக்கமே வரவில்லை. கேம் இல்லாத கொம்பியூட்டர் எதற்கு என்றான். நியாயம்தான். லுவான்டி என்று ஒன்று இருக்கிறது, முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர். கட்டிகளை வெட்டி அடுக்கி வீடு கட்டுகிற மாதிரி விளையாட்டு, மைன்கிராப்ட் சாயல். முழுக்க இலவசம், உள்ளே இருப்பதையும் யாரும் திறந்து மாற்றலாம். அதைப் போட்டுக் கொடுத்தேன். நாலைந்து நாள் சும்மா விளையாடினான். பிறகு ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு அதன் செட்டிங் பைலைத் தேட ஆரம்பித்தான். எங்கே கிடக்கிறது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் தேடினான். திறந்தான்.

"வாப்பா, இதுல கிராவிட்டி எண்டு 9.81 போட்டிரிக்கி. அது என்ன?"

நான் விஞ்ஞான ஆசிரியன் இல்லை. ஆனாலும் அந்த எண் தெரியும். பொருள் கீழே விழுகிற வேகம் ஒவ்வொரு செக்கனும் எவ்வளவு கூடுகிறது என்பது, நம் பூமியில் கிட்டத்தட்ட இவ்வளவு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். அதை 2 ஆக்கினான். திரும்ப விளையாட்டைத் திறந்து குதித்தான். ஆள் மேலே போய்க்கொண்டே இருந்து மெதுவாக இறங்கியது. வீடே கேட்கச் சிரித்தான். தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான், உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அடுத்த நாள் இன்னொரு எண்ணை மாற்றி முழுவதையும் கெடுத்துவிட்டான். திறக்கவே இல்லை. அழுகிற முகம். பழைய பைலை கொப்பி எடுத்து வைத்திருந்தால் இந்தக் கரைச்சல் இல்லையே என்றேன். இப்போது எதைத் தொட முதலும் கொப்பி எடுக்கிறான். எங்கே வைத்தான் என்றும் தெரியும்.

போன் கேமை விட்டுவிட்டானா என்று கேட்காதீர்கள். விடவில்லை. வெள்ளி, சனி இரவு விளையாடுகிறான். டயமன்ட் மட்டும் இல்லை. கடைக்காரத் தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெற்றோரோடு கதைக்கும்போது மூன்று கேள்வி வரும். முதலாவது, "சேர், கொம்பியூட்டர்லயும் கெட்டதுதானே பாப்பான்?" பார்க்கலாம். அதனால்தான் விறாந்தையில் வையுங்கள் என்கிறேன், எல்லோரும் போய் வருகிற இடத்தில். போர்வைக்குள் போகிற கருவி போன், மேசையை விட்டு எழும்பாத கருவி இது. இரண்டாவது, காசு. உண்மைதான். 2022 க்குப் பிறகு எங்கட வீடுகளின் நிலைமை எனக்குத் தெரியும், என் சம்பளமும் அதே ரூபாவில்தான். ஆனால் எங்கட ஊரில் தவணைக்கு வாங்குகிற போன்களின் விலையையும் நான் பார்க்கிறேன்.

மூன்றாவது கேள்வி இப்போது புதிதாக வருகிறது. "இனி எல்லாம் ஏஐ செய்யுமே சேர், எதுக்கு இதெல்லாம்?" போன தவணை ஒப்படை ஒன்று வந்தது. தலைப்புக்குக் கீழே முதல் வரி: "நிச்சயமாக! இதோ உங்களுக்கான கட்டுரை." பிள்ளை அதையும் சேர்த்து அழகான கையெழுத்தில் பார்த்து எழுதியிருக்கிறது. கேட்டு வாங்கியதை வாசிக்கவும் இல்லை. ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வினாத்தாள் தயாரிக்க நானும் பாவிக்கிறேன். ஆனால் அது தருவதைத் திருத்தி, சேர்த்து, ஒழுங்காக ஓரிடத்தில் வைத்து, உரிய இடத்துக்கு உரிய திகதியில் அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கடைக் காக்காவாகவே இருந்தால் கதை மாறாது.

பெண் பிள்ளைகள் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எங்கட வீடுகளில் பெடியனுக்கு போன் வாங்கிக் கொடுப்போம், மகளுக்கு வேண்டாம் என்போம். காரணம் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், விளைவைப் பாருங்கள். படிப்பில் முன்னுக்கு நிற்பது மகள்மார். விண்ணப்பம், ஈமெயில், ஒன்லைன் என்று வரும்போது தம்பியிடமோ கடையிலோ கெஞ்சி நிற்பதும் அவர்கள்தான். விறாந்தையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தால் அது எல்லோருக்கும் பொது.

சரி, இனி செய்ய வேண்டிய வேலை. தரம் 11 க்கு மேல் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கிழமைக்குள் பிள்ளையின் சொந்தப் பெயரில் ஒரு ஈமெயில் திறந்து, பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டை வைக்கிற இடத்தில் வையுங்கள். முன்பு கடையில் போட்ட விண்ணப்பங்கள் இருந்தால் எந்த ஈமெயில், எந்த போன் நம்பர் கொடுத்தது என்று போய்க் கேளுங்கள். கடைக் காக்காவும் இப்போது ஆட்களை அவரவர் பெயரிலேயே மெயில் திறக்க வைத்துத்தான் விண்ணப்பம் போடுகிறார். அதற்கு அவர் காசு எடுப்பதில்லை.

அடுத்தது, சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு என் வீட்டு விறாந்தையில் பழைய மெஷின்களைத் திருத்தலாம் என்று இருக்கிறோம். நானும் உயர்தரப் பிள்ளைகள் ஆறு பேரும். யார் வீட்டிலாவது மூலையில் தூசு பிடித்த கொம்பியூட்டர் கிடந்தால் தாருங்கள். ஹார்ட் டிஸ்கில் குடும்பப் படங்கள் இருந்தால் முதலில் அதை எடுத்து பென் டிரைவில் போட்டுத் தருவோம், பிறகுதான் கை வைப்போம். மொனிட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழைய டீவி ஒன்றைக் கொண்டு சமாளிக்கலாம். கீபோர்ட் தட்டுப்பாடு மட்டும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.